வீட்டின் படம் உண்டு, வரைபடம் எங்கே?

2017 மே 12இல் நோர்வூட்டில் வைத்து, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். பத்திரிகையோ பேஸ்புக்கோ, மலையக வீட்டுச் செய்தி என்றால் அன்றும் இன்றும் ஒரே படம்தான்: அடிக்கல், நாடா, சாவி. ஊடகவியலாளராக நானும் அதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு துண்டுக் காணி, 550 சதுர அடி வீடு. விறகடுப்பின் புகை எங்கே போகும்? மழைநீர் எந்தச் சரிவில் இறங்கும்? மகனுக்குக் கல்யாணமானால் எந்தப் பக்கம் ஓர் அறை எடுக்கலாம்? இதற்கெல்லாம் வரைபடம்தான் பதில் சொல்லும்.

போருக்குப் பின் வீட்டுத்திட்டத்தில் தாமே நின்று வீடு கட்டிய வடக்கு, கிழக்கு மக்களுக்கு இது புரியும். லயன் காம்பராவில் இருப்பவரின் கைபேசிக்கும் அந்த வரைபடம், தமிழில், அடிக்கணக்கோடு வரவேண்டும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே நாங்கள் வெளியிடவேண்டிய செய்தி அதுதான்.