ஆலைக்குப் பின்னால் உள்ள குளம்

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி செம்பனை ஆலை உள்ள தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் என்றால், அந்த வாடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காற்று ஆலைப் பக்கமிருந்து வீசினால் நாங்களெல்லாம் சன்னலைச் சாத்திவிடுவோம். ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கழிவுநீர்க் குளங்களிலிருந்து வரும் வாடை அது.

மூக்குக்கு எட்டாத ஒன்றும் அங்கிருந்து எழுகிறது. அதுதான் மீத்தேன். பழக்குலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பழுப்புநிற நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் பழத்துகளும் கலந்திருக்கும். குளத்தின் அடியில், உயிர்வளி இல்லாத இடத்தில், நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கரிவளிக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 1 டன் பழக்குலையை ஆலையில் போட்டால் சுமார் 0.65 கனமீட்டர் கழிவுநீர் வரும். 1 கனமீட்டர் கழிவுநீர் சுமார் 28 கனமீட்டர் உயிரி எரிவாயு தரும். அதில் 60 விழுக்காடு மீத்தேன். ஆக 1 டன் குலைக்கு ஏறக்குறைய 11 கனமீட்டர் மீத்தேன். அதை எந்திரத்தில் எரித்தால் 30 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்குப் போதும்!

இதைப் பிடிக்க விண்வெளி அறிவியல் தேவையில்லை. குளத்தின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி ஓரங்களை இறுக்கி மூடினால், வாயு சேரச் சேர விரிப்பு உப்பி நிற்கும். குழாய் வழியே எடுத்து, அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கி, எந்திரத்துக்கு அனுப்பலாம்.

மின்சாரக் கார் என்றால் எல்லாரும் வியக்கிறோம். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. இந்தக் குளங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 2020க்குள் எல்லா ஆலைகளும் வாயுவைப் பிடிக்க வேண்டும் என்று 2010இல் இலக்கு வைக்கப்பட்டது. 2020 வந்தது. பாதி ஆலைகள்கூட அதைச் செய்திருக்கவில்லை.

ஆலைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே அவர்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கூடுதலாகத் தயாரித்தால் விற்க வேண்டும். ஆலையோ காட்டோரத்தில், மின்கம்பித் தொடரோ பல கிலோமீட்டர் தள்ளி. கம்பி இழுக்கும் செலவிலேயே திட்டம் படுத்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. சிலாங்கூர் சுங்கை தெங்கி ஆலையில் 2015இல் வாயுவைச் சுத்திகரித்து, அழுத்தி, லாரியில் ஏற்றித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் தொடங்கப்பட்டது.

இதனால் நிலக்கரி நிலையங்களை மூடிவிட முடியாது. காட்டை அழித்துச் செம்பனை நட்ட பாவமும் கழிந்துவிடாது. ஆனால் மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகளே தங்கும். இன்று நிறுத்தினால், உங்களுக்கு முப்பது வயதாகும்போதே பலன் தெரியத் தொடங்கும்.

2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்பது விதி. விரிவாக்கம் கேட்காத பழைய ஆலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் கருத்தில் இந்த விலக்கு போக வேண்டும். பழைய ஆலைகளுக்கும் ஒரு கெடு வைக்கட்டும். மின்கம்பி இழுக்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும்.