குளிருக்கு மருந்தா மது?

உழைப்பவனுக்குக் களைப்புத் தீர மது தேவை என்ற பேச்சு தமிழகமெங்கும் உண்டு. போடிநாயக்கனூரில் அதனோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. இவ்வூர்த் தொழிலாளர் பலர் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் புறப்பட்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மழையும் பனியும் மாறி மாறி வதைக்கும் சரிவுகள் அவை. மலைக்குளிருக்கு இது மருந்து என்று ஒருவர் கூறினால், மறுத்துப் பேச நாம் தயங்குகிறோம்.

மறுத்தே ஆகவேண்டும். மது அருந்தியதும் தோலுக்கு அருகிலுள்ள இரத்த நாளங்கள் விரிகின்றன. வெப்பமான இரத்தம் அங்குப் பாய்வதால் உடல் கதகதப்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் உடலின் உள்வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. குளிர் மேலும் தாக்குகிறது. நடுங்கிச் சூட்டைத் தேடிக்கொள்ளும் உடலின் இயல்பையும் மது மட்டுப்படுத்துகிறது. களைப்பின் கதையும் இதுவே. மது விரைவில் உறங்கவைக்கும். பின்னிரவில் அவ்வுறக்கத்தைக் குலைக்கும். மறுநாள் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிக்க வேண்டியவர் தளர்ந்த கால்களோடு ஏறுவார்.

இதைவிட எளிய சான்று தோட்டத்திலேயே உள்ளது. ஏலக்காய், செடியின் அடியில் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. அதனைப் பறிக்க ஈரமண்ணில் நாள்முழுதும் குனிந்து பாடுபடுவோர் பெரும்பாலும் பெண்கள். அதே குளிர், அதே மழை, அதே ஜீப் பயணம். வீடு திரும்பினால் அடுப்படி வேலை வேறு. அவர்களுக்கு இந்த மருந்தை யாரும் பரிந்துரைப்பதில்லையே! கணவர் குடித்துத் தீர்த்த கூலியையும் ஈடுசெய்ய மறுநாள் மலையேறுவோர் அவர்கள்தாம்.

இம்மலைகளின் மறைவிடங்களில் கஞ்சா பயிரிடப்பட்ட காலமும் உண்டு. அதனைத் தடுக்க 1985ஆம் ஆண்டுச் சட்டமும் சோதனைச் சாவடிகளும் இருக்கின்றன. மதுவுக்கோ 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே கடை நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது நாடே கலங்கியது. உரிமம் பெற்ற மது ஆண்டுக்கணக்கில் கல்லீரலை அரிப்பதற்கு எவரும் கலங்குவதில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே கூறிவிட்டது.

குடியை விட முடியாதவரை மனவலிமை அற்றவர் என இகழ்வது நம் வழக்கம். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். கோயிலில் கயிறு கட்டி ஏற்கும் உறுதி போற்றத்தக்கதுதான். ஆயினும் மருத்துவர் துணையின்றி அதனை மட்டும் நம்புவது தகாது. நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்கிறது நடுவண் அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வு.

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலையில் இயங்குகிறது. அந்நேரத்தில் தோட்டத் தொழிலாளர் மலைமேல் இருக்கிறார். மருத்துவரைக் காண ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். மதுக்கடையோ நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை அவருக்காகத் திறந்திருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மருந்துக்கு நேரில்தான் செல்லவேண்டும். ஆகவே, போடி அரசு மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சையை மாலை வேளையில் வழங்கவேண்டும்; கூலி கைக்கு வரும் நாளிலேனும் அது நடைபெற வேண்டும்.