வாக்கு மக்களுடையது, எண்ணிக்கை யாருடையது?

2023 டிசம்பர் 17 இரவு. ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸ் பகுதியில், அன்னபூர்ணா ஸ்டுடியோவுக்கு வெளியே அரசுப் பேருந்துகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கி எட்டே நாட்களான பேருந்துகள் அவை. கல்லெறிந்தோர் கூலிக்காகவோ நிலத்துக்காகவோ திரண்டவர்கள் அல்லர். தெலுங்கு ‘பிக் பாஸ்’ ஏழாவது பருவத்தின் முடிவைக் கொண்டாட வந்த இளைஞர்கள். இரண்டாமிடம் பெற்ற சின்னத்திரை நடிகரின் கார் தாக்கப்பட்டது. மூன்றாம் நாள் வெற்றியாளரே கைதானார்.

‘மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம்’ என்பது ஊடக முதலாளிகளின் நிலையான வாதம். அந்த விருப்பம் எவ்வாறு அளக்கப்படுகிறது? 2020ஆம் ஆண்டு நிலவரப்படி, நாட்டின் சுமார் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்காகப் பேசியவை, அளவுக்கருவி பொருத்தப்பட்ட சுமார் 44,000 வீடுகளே. அவற்றின் புள்ளிகள் விளம்பரக் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. ‘உங்கள் வாக்கே வெல்லும்’ என்கிறார்கள். எண்ணும் மேசையில் பார்வையாளருக்கு முகவர் உண்டா? விதியை வகுப்பதும் நிறுவனம், முடிவை அறிவிப்பதும் நிறுவனம். இதற்குப் பெயர் ஜனநாயகம் அன்று; வணிகம்.

ஆனால், ‘மூளையற்ற ரசிகர் கூட்டம்’ என்று ஒதுக்கும் குரல் இடதுசாரி அணிகளிலும் கேட்கிறது. இது முன்னதைக் காட்டிலும் தீங்கானது. அந்த இளைஞர்கள் எதற்காக வாக்களித்தார்கள்? நட்சத்திரங்களுக்கு நடுவே ‘ரைத்து பிட்ட’ ஒருவன், அதாவது உழவர் மகன் ஒருவன், நின்றான் என்பதற்காக. அவன் அவமதிக்கப்படுவதாக எழுந்த கோபத்தில் வர்க்க உணர்வின் சாயல் இருந்தது. நிறுவனம் அதைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை எடுத்து 105 நாட்கள் விற்றது. பரிசுப் பணத்தை ஏழை விவசாயிகளுக்குத் தருவதாக வெற்றியாளர் அறிவித்தபோது பலர் நெகிழ்ந்தனர். கட்டுப்படியாகும் விலை என்னும் உரிமை, அங்கே தருமமாகச் சுருங்கியது. கோபத்தின் இலக்கும் மாறியது: சந்தைக்கு எதிராகத் திரும்பவேண்டிய கல், மக்களின் பேருந்துமீது விழுந்தது.

அந்த ஸ்டுடியோவுக்குச் சற்றுத் தொலைவில்தான் துணை நடிகர்களும் திரைத் தொழிலாளர்களும் வாழும் கிருஷ்ணா நகர் உள்ளது. 30 சதவீத ஊதிய உயர்வு கோரி, 2025 ஆகஸ்டில் தெலுங்குத் திரைத் தொழிலாளர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்றாண்டுகளில் 22.5 சதவீதம் என்ற உடன்பாட்டை வென்றனர். திரையைத் தாங்கி நிற்கும் கைகள் அவை. போட்டியாளரின் ஒவ்வொரு சொல்லையும் அலசும் பார்வையாளரிடம் இப்போராட்டத்தை எடுத்துச் சென்றோர் எத்தனை பேர்?

ஸ்டார் மா, விஜய் ஆகிய இரண்டும் இன்று ரிலையன்ஸ், டிஸ்னி கூட்டில் உருவான ஜியோஸ்டார் என்னும் ஒரே குடையின் கீழ் உள்ளன. எனவே இது தெலுங்கு மண்ணின் சிக்கல் மட்டுமன்று. தேநீர்க் கடையில் நேற்றைய தொடரைப் பற்றிப் பேச்செழும்போது தோழர்கள் முகம் சுளித்து எழுந்து போக வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்கட்டும். ‘எளியவனை ஏன் இப்படி நடத்துகிறார்கள்?’ என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. அதை ஸ்டுடியோ வாசலிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு அழைத்து வருவதே பண்பாட்டுப் பணி.