தாழ்ந்த வண்டியும் தூக்கிப் போடும் சாலையும்



இரு சக்கர வண்டிப் பராமரிப்பு பற்றி நாம் வெளியிட்ட பக்கங்களுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். “வண்டி தாழ்வா இருக்கு, கால் நல்லா ஊனுது. ஆனா ரோடு தூக்கிப் போடுதே, என்ன செய்ய?” ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியை ஒருவர் தினமும் அவெஞ்சர் பைக்கில் ராஜபாளையம் போய் வருகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிகிறதாம். “வண்டியைத் தூக்கிக் கட்டு, இல்லாட்டி வித்துட்டு வேற வாங்கு” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள் என எழுதியிருந்தார்.

விற்கவும் வேண்டாம், தூக்கிக் கட்டவும் வேண்டாம், டீச்சர். உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு காலும் தரையில் படுவதைப் போன்ற பாதுகாப்பு வேறு இல்லை. ரத வீதி நெரிசலில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நின்று நின்று போகிறவருக்கு அதன் அருமை தெரியும். 2005-இல் வந்த அவெஞ்சரும் 2020-இல் வந்த மீட்டியார் 350 பைக்கும் இத்தனை பேருக்குப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவெஞ்சரின் இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர், மீட்டியாருடையது 765. கால் எட்டுகிற வண்டியை வைத்துக்கொண்டே முதுகைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதற்கு, அடி எங்கே விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இருக்கையைத் தாழ்த்தும்போது பின் ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வர இருக்கும் தூரமும் குறைகிறது. அவெஞ்சர் 220-இல் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் 140 மில்லிமீட்டர் ஆடும். பின் ஷாக்குக்கு 90 மில்லிமீட்டர்தான். காலை முன்னால் நீட்டி உட்காருவதால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ளவும் முடியாது. உடம்பின் பாரம் பெரும்பாலும் வால் எலும்புப் பக்கம் இருக்கிறது. ஷாக் முட்டி நின்றதும் மிச்ச அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது. உட்கார்ந்திருக்கும் உடம்பை நொடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் அதிரும் அதிர்வுதான் அதிகம் பாதிக்கும். வயிறு குலுங்கி முதுகு பிடித்துக்கொள்வது அதனால்தான்.

ஆகவே அந்த 90 மில்லிமீட்டர்தான் நம் கையிருப்பு. அதை வீணாக்காமல் வைத்திருப்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் டயர். அவெஞ்சரின் பின் டயரில் 130/90-15 என்று இருக்கும். அகலம் 130 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 117 மில்லிமீட்டர். ஷாக் ஆடும் தூரத்தைவிட டயரின் சுவர் உயரமானது! சாலையின் அடியை முதலில் வாங்குவது அதற்குள் இருக்கும் காற்றுதான். 1887-88-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தது இந்தக் குலுக்கலைக் குறைக்கத்தான். நம் ஊர்களிலோ பங்க்கில் “நல்லா டைட்டா பிடிங்க” என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. காற்று மிஞ்சினால் டயர் கல்லாகிவிடும். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பிடியுங்கள். பின்னால் ஆள் ஏறும் நாளுக்குத் தனி அளவு அதிலேயே இருக்கும். மெத்தென்று இருக்கட்டும் என அதற்கும் கீழே இறக்கினால் பள்ளத்து விளிம்பில் ரிம் அடிபட்டு நெளியும். அழகுக்காகச் சுவர் குறைந்த டயர் மாற்றுவதும் வேண்டாம். இருக்கிற நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி எறிவதற்குச் சமம் அது.

அடுத்தது பின் ஷாக்கின் அடியில் இருக்கும் படிகள். அவெஞ்சரில் 5, மீட்டியாரில் 6. “டைட் வெச்சா ஸ்பிரிங் கட்டியாகும்” என்றுதான் பலரும் நம்புகிறார்கள். படியை ஏற்றினால் ஸ்பிரிங்கின் பலம் கூடுவதில்லை. நாம் ஏறி உட்காரும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் மாறுகிறது. இதை வீட்டு முற்றத்திலேயே அளக்கலாம். துணைக்கு ஒருவர் போதும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி வண்டியை நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, பை, ஹெல்மெட் எல்லாவற்றோடும் ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். துணைக்கு வந்தவர் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. 45 வந்தால் கையிருப்பில் பாதி உட்காரும்போதே போய்விட்டது. ஒரு படி ஏற்றுங்கள். 15 தான் வருகிறது என்றால் உங்கள் எடைக்குப் படி அதிகம்; வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும், இறக்குங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பால் கொண்டு வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. நிறைந்த கேன்களோடு வரும்போது ஒழுங்காக ஓடிய வண்டி, காலிக் கேன்களோடு திரும்பும்போது துள்ளுவதை அவர்கள் அறிவார்கள். ஸ்பிரிங் ஒன்றுதான், சுமை வேறு. வாரக் கடைசியில் மனைவி மக்களோடு அய்யனார் கோவில் பக்கம் போகிறவர் கிளம்பும் முன் படியை ஏற்றி, திங்கட்கிழமை இறக்கிவிட வேண்டும். படியைத் திருப்பும் சி ஸ்பேனர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட்டை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தாலோ, தண்டில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது அதே நீளத்தில் வாங்குங்கள். முன் போர்க்கில் ஆயில் மாற்றும்போது கம்பெனி சொன்ன ரகத்தையும் அளவையும் மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள். “கெட்டியா ஊத்துனா குதிக்காது” என்பார்கள். குதிக்காதுதான், ஆனால் கூர்மையான விளிம்பில் அந்தக் கெட்டி எண்ணெய் துவாரத்தில் வேகமாகப் போக முடியாமல் அடியைக் கைக்கு அனுப்பிவிடும். கோன் செட்டும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் மற்ற எதைச் செய்தும் பலனில்லை, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாலையின் குணமும் ஊருக்கு ஊர் ஒன்றில்லை. ராஜபாளையம் நகருக்குள் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி மூடிய இடங்கள் சாலைக்குக் குறுக்கே அமுங்கி, கூர்மையான விளிம்போடு நிற்கும். அங்கே டயர்க் காற்றும் போர்க்கும்தான் கைகொடுக்கும். ஊரை விட்டுக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் போனால் வேறு கதை. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடித்துச் சுருங்கும். மேலே போட்ட தார் அலை அலையாக நெளிந்துவிடும். அந்த அலையில் வண்டியை ஊஞ்சலாட விடாமல் பிடிப்பது ஷாக்கில் இருக்கும் எண்ணெய்.

சீட்டுக்கு வருகிறேன். மெத்தென்ற பஞ்சு கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். அரை மணி நேரத்தில் அமுங்கி, அடித்தகட்டின் மேல் உட்கார்ந்திருப்போம். சீட் கடைக்காரரிடம் அடர்த்தியான ஃபோம் கேளுங்கள். உயரத்தைக் கூட்டாமல், பின்பக்கம் அகலமாகவும் தொடைப்பக்கம் ஒடுக்கமாகவும் வெட்டச் சொன்னால் காலும் எட்டும், பாரமும் பரவும்.

தூக்கிக் கட்ட வேண்டாம் என்று டீச்சருக்கு ஏன் சொன்னேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. பின்னால் மட்டும் நீளமான ஷாக் போட்டால் வண்டி மூக்கைக் குத்தி நிற்கும். ஹேண்டில் பரபரவென்று திரும்பும், ஹெட்லைட் கீழே விழும், சைடு ஸ்டாண்ட் எட்டாமல் வண்டி அளவுக்கு மீறிச் சாயும். எந்த வசதிக்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அதுவும் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் வண்டியின் அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

ஓட்டுகிற விதத்தில் ஒன்றே ஒன்று. பள்ளத்துக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன் போர்க் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும், அடி வாங்க மிச்சம் இருக்காது. வேகம் 40-லிருந்து 30-க்கு இறங்கினாலே மோதலின் ஆற்றல் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று மனதை உறுத்துகிறது. கடிதம் எழுதிய பலரும் வண்டியின் அடிவயிறு வேகத்தடையில் உரசுவதாகச் சொல்கிறார்கள். இதில் அவர்கள் மேலும் பிழையில்லை, வண்டி மேலும் பிழையில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 என்ற நெறி, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக வளைந்திருக்க வேண்டும் என்கிறது. அவெஞ்சரின் இரு சக்கரங்களுக்கு இடையே 1.49 மீட்டர்தான். அப்படி ஒரு தடையின் வளைவின் மேல் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் நிற்க இடம் இருக்கும். வயிறு தட்ட வழியே இல்லை. நம் தெருக்களிலோ இரண்டடி அகலத்தில் முழங்கால் மாதிரி சிமென்ட் திண்டு கட்டிவிடுகிறார்கள். முன் சக்கரம் அதைத் தாண்டி இறங்கும்போது பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, திண்டு நடுவில் நிற்கும். ஆளோடு அமுங்கிய வண்டிக்குத் தரையிலிருந்து 169 மில்லிமீட்டர் இடைவெளியும் முழுதாக இருக்காது. உரசாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தடை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தலையில் அடிபட்ட நோயாளியோடும் நிறைமாதக் கர்ப்பிணியோடும் போகிற ஆட்டோவும் அதே திண்டைத்தான் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

மாநில நெடுஞ்சாலைகளில் பள்ளம் இருந்தால் ‘நம்ம சாலை’ செயலியில் படம் எடுத்துப் போடலாம். கிராமத்துச் சாலைக்குக் கிராம சபை இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உட்பட ஆண்டில் 6 நாள் கூடுகிறது. உங்கள் ஊர்த் திண்டின் அகலத்தையும் உயரத்தையும் ஒரு டேப்பால் அளந்து, பக்கத்தில் 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் என்று எழுதி மனுவாகக் கொடுங்கள். அதன் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்