லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஆட்சியமைப்புச் சீர்திருத்தம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நகராட்சி இல்லாப் பகுதிகளின் குடியிருப்போர் சங்கம்,
லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, கலிபோர்னியா.

பெறுநர்:
1. தலைவர் மற்றும் உறுப்பினர்கள், மேற்பார்வையாளர் குழு, கென்னத் ஹான் நிர்வாக மாளிகை, லாஸ் ஏஞ்சலஸ்.
2. உறுப்பினர்கள், ஆட்சிமுறைச் சீர்திருத்தப் பணிக்குழு.

பொருள்: 2024-இல் வாக்காளர்கள் ஏற்ற ‘மெஷர் ஜி’ சாசனத் திருத்தத்தைச் செயல்படுத்தும்போது நகராட்சி இல்லாப் பகுதி மக்களுக்கு உரிய இடம் அளிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயன்மீர்,

இக்கவுண்டியில் 88 நகரங்கள் உள்ளன. அவை எதிலும் சேராத பகுதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ், ஆல்டடீனா, ஹசியெண்டா ஹைட்ஸ், ரோலண்ட் ஹைட்ஸ் ஆகியவை அவற்றுள் சில. நகரத்தில் குடியிருப்பவருக்கு முறையிட ஒரு மேயரும் நகரமன்றமும் உண்டு. எங்களுக்கு அந்த இரண்டும் இல்லை. சாலை, கட்டட அனுமதி, காவல், தீயணைப்பு என எதற்கும் கவுண்டிதான் எங்கள் நகராட்சி. ஆகவே கவுண்டி எப்படி ஆளப்படுகிறது என்பது எங்களுக்கு வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி. அந்த உரிமையில் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

பின்னணி

இக்கவுண்டியின் சாசனத்தை வாக்காளர்கள் 1912-இல் ஏற்றார்கள். அது 1913-இல் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சிச் சாசனம் பெற்ற முதல் அமெரிக்கக் கவுண்டி என்ற பெருமை நமக்கு உண்டு. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து லட்சம். 2020 கணக்கெடுப்பின்படி அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவின் இடங்கள் மட்டும் அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து.

இன்று ஒரு மேற்பார்வையாளர் இருபது லட்சம் பேருக்குப் பிரதிநிதி. நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மக்களுக்கு ஓர் ஆளுநரும் 49 பேர் கொண்ட சட்டமன்றமும் இருக்கின்றன. இங்கோ ஒரே ஒருவர். எத்தனை நல்ல மனமும் உழைப்பும் உள்ளவரானாலும், இருபது லட்சம் பேரின் குறைகளை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டுத் தீர்ப்பது இயலாத காரியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறோம்.

எண்ணிக்கையைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. விதிகளை இயற்றுவதும், துறைகளை நடத்துவதும், அத்துறைகள் சரியாக நடக்கின்றனவா என்று ஆராய்வதும் அதே ஐவரின் பொறுப்பாக இருந்துவருகிறது. 2007-இல் தலைமை நிர்வாக அதிகாரிக்குக் கூடுதல் அதிகாரம் தரப்பட்டது. 2015-இல் அது திரும்பப் பெறப்பட்டது. எட்டு ஆண்டுகளில் அதிகாரம் ஒரு கைக்குப் போய்த் திரும்பி வந்தது. ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்ட குடிமகனுக்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

எல்லைகள் வரைவதிலும் நமக்குக் கசப்பான அனுபவம் உண்டு. லத்தீனோ மக்களின் வாக்குகள் சிதறும்படி தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்ததை 1990-இல் கார்சா வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டறிந்தது. எல்லைகள் மாற்றி வரையப்பட்ட பிறகே, 1991-இல் குளோரியா மொலினா மேற்பார்வையாளர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேற்பார்வையாளர் இடங்களைக் கூட்டும் திட்டங்களை 1992-இலும் 2000-இலும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2024 நவம்பரில், பாதிக்குச் சற்றே மேற்பட்டோரின் வாக்குகளால் ‘மெஷர் ஜி’ வென்றது. அதன்படி 2028-இல் கவுண்டி நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். 2032-இல் மேற்பார்வையாளர் இடங்கள் ஒன்பதாகும். தனித்து இயங்கும் நெறிமுறை ஆணையமும் அமையும். இவற்றை மனமார வரவேற்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு மேல் அசையாதிருந்த கதவு இது.

ஆல்டடீனா சொல்லும் பாடம்

2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் காட்டுத்தீ மூண்டது. ஆல்டடீனாவிலும் சுற்றுப்புறத்திலும் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 19 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே வாழ்ந்தவர்கள். அப்பகுதிக்கு வெளியேற்ற ஆணை மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகே வந்தது. வெளியேற்ற ஆணை தொடர்பான கொள்கைகள் பழையவையாகவும், யாருக்கு என்ன அதிகாரம் என்பதில் தெளிவற்றும் இருந்ததைத் தங்கள் குழுவே பணித்த ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது.

ஆட்சியமைப்பு வேறாக இருந்திருந்தால் இத்தனை உயிர்களும் பிழைத்திருக்கும் என்று நாங்கள் வாதிடவில்லை. அன்றிரவு காற்றின் வேகம் யாருக்கும் அடங்காதது. ஆனால் அந்த ஊருக்கென்று பொறுப்பேற்க ஒரு மேயர் இல்லை. அங்குள்ள டவுன் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் உரிமையன்றி ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஒன்பது இடங்கள் வந்தபின்னும் ஒரு மேற்பார்வையாளரின் தொகுதியில் பதினொரு லட்சம் பேர் இருப்பார்கள். ஆகவே இடங்களைக் கூட்டினால் மட்டும் அரசு எங்கள் தெருவுக்கு அருகில் வந்துவிடாது. எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தை ஒட்டியவையே.

கோரிக்கைகள்

1. நகராட்சி இல்லாப் பகுதிகளில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பகுதி மன்றங்களுக்குச் சாசனத்திலேயே இடம் தர வேண்டும். அப்பகுதியின் சாலைப் பணி, நிலப்பயன்பாடு, வரவுசெலவுத் திட்டம் ஆகியவற்றில் மன்றத்தின் தீர்மானத்துக்குக் கவுண்டி எழுத்து மூலம் விடையளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

2. பேரிடரில் எச்சரிக்கையும் வெளியேற்ற ஆணையும் எந்தப் பதவியின் பொறுப்பு என்பதைப் புதிய நிர்வாகத் தலைவரின் கடமைப் பட்டியலில் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பு அதிகாரி யார் என்பது அப்பகுதி மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. ஒரு கோடி மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி வலிமையானதாகவே இருக்கும். அந்த வலிமைக்குக் கடிவாளமும் தேவை. நிர்வாகத் தலைவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொது அமர்வில் மேற்பார்வையாளர்களின் கேள்விகளுக்கு நேரில் விடையளிக்க வேண்டும். வரவுசெலவை ஆராயும் அலுவலகம் அவருக்குக் கட்டுப்படாமல் மேற்பார்வையாளர் குழுவின்கீழ் இயங்க வேண்டும்.

4. நெறிமுறை ஆணையத்துக்குத் தனி நிதியும் தனிச் சட்ட ஆலோசகரும் வேண்டும். யாரை விசாரிக்க வேண்டுமோ அவரிடமே பணம் கேட்டு நிற்கும் ஆணையம் பெயருக்குத்தான் இருக்கும்.

5. உள்ளூர் வருவாயில் கட்டுப்பாடற்ற பகுதியின் பத்து விழுக்காட்டைச் சமூக நலப் பணிகளுக்கு ஒதுக்கும் ‘மெஷர் ஜெ’-வை வாக்காளர்கள் 2020-இல் ஏற்றார்கள். சாசனத்தின் தொகுப்பில் அது உரியபடி சேர்க்கப்படாததால், ‘மெஷர் ஜி’யின் வாசகம் அதை யாரும் அறியாமலே நீக்கிவிட்டது 2025-இல் தெரியவந்தது. மக்கள் தந்த ஆணை எழுத்துப் பிழையால் சாகக் கூடாது. அந்த ஒதுக்கீடு ஒரு நாளும் அறுபடாதபடி நிலைநிறுத்தப்பட வேண்டும். இனி எந்தத் திருத்தமும் வாக்குக்கு வருமுன், பழைய வாசகமும் புதிய வாசகமும் அருகருகே அச்சிடப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

6. 2030 கணக்கெடுப்புக்குப் பின் சுயேச்சையான எல்லை வரையறை ஆணையம் ஒன்பது தொகுதிகளைப் பிரிக்கும்போது, நகராட்சி இல்லாத எந்த ஊரும் இரண்டாக வெட்டப்படாதிருக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். நகர எல்லை என்ற வேலி இல்லாத ஊரைப் பிளப்பது எளிது. ஒரு முறை பிளந்த குரலை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

7. குழுவின் வழக்கமான கூட்டம் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கிறது. அந்த நேரத்தில் கூலி வேலைக்குப் போகிறவரும் பிள்ளையைப் பள்ளியில் விடும் தாயும் வர முடியாது. சீர்திருத்தம் குறித்த விசாரணைகளை மாலை நேரங்களில், எங்கள் பகுதிகளிலேயே, மக்கள் பேசும் மொழிகளில் மொழிபெயர்ப்பாளர்களுடன் நடத்த வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எதுவும் புதிய வரி கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ள அதிகாரத்தில் யாருக்கு எது என்பதைத் தெளிவாக எழுதித் தரவே கேட்கிறோம்.

இந்தச் சாசனம் மீண்டும் இவ்வளவு அகலமாகத் திறக்க இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டுமோ தெரியாது. ஆகவே எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே எழுத்து மூலம் விடையளிக்குமாறும், பணிக்குழுவின் முதல் மாலை விசாரணையை ஆல்டடீனாவில் நடத்துமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் அம்மக்களே, தமக்கு எப்படிப்பட்ட அரசு வேண்டும் என்பதை முதலில் சொல்லத் தகுந்தவர்கள்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.