தலைமுறைதோறும் ஒரு பூட்டு

கம்ப்யூட்டர்த் திரையில் சித்திரங்களைத் தீட்டுவதற்கென்றே அமைந்த ஜிபியு என்னும் சில்லின் புதிய தலைமுறை ஒன்று கடைக்கு வரும்போது, அதன் வேகத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அந்தச் சில்லுக்குக் கட்டளையிடும் டிரைவர் என்ற நிரலை, உற்பத்தி செய்த கம்பெனியின் தயவை எதிர்பாராமல், யார் வேண்டுமானாலும் வாசிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூலமாக எழுதிவருகிற ஒரு சிறு கூட்டத்தார் அன்று முதல் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைப் பற்றியோ ஒரு வரியும் எழுதுவதில்லை. நான் நிரல் எழுதுகிறவன் அல்லன். ஆயினும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் 'நூவோ' என்ற பெயர் தாங்கிய பகுதியில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. என்விடியா கம்பெனியின் சில்லுகளுக்காக, அக்கம்பெனியின் ஆவண உதவியின்றி, வெளியார் எழுதிய டிரைவர் அது. அதன் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு, சுதந்திரம் என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பொருள் அன்று என்பது விளங்கும்.

டிரைவரின் வேலை இருவகைப்பட்டது. ஒரு பகுதி கெர்னலுக்குள் இருந்துகொண்டு, சில்லை எழுப்பி, அதன் நினைவகத்தைப் பல நிரல்களுக்கும் பங்கிட்டு, திரையை ஒளிரச் செய்து, கட்டளை வரிசைகளைச் சில்லிடம் ஒப்படைக்கிறது. மற்றொரு பகுதி மேசா என்ற பொது நூலகத்தில் இருந்துகொண்டு, விளையாட்டோ உலாவியோ கேட்கிற சித்திர வேலையை அந்தச் சில்லின் சொந்தக் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. சில்லின் உள்ளமைப்பை அறிந்தாலன்றி இவ்விரண்டும் நடவா. இன்டெல் கம்பெனி தன் டிரைவரைத் தானே திறந்த மூலமாக எழுதி, விளக்க நூல்களையும் வெளியிடுகிறது. ஏஎம்டி கம்பெனி 2007இல் தன் ரேடியான் சில்லுகளின் ஆவணங்களைத் திறந்துவிடத் தொடங்கிற்று. என்விடியாவோ, மூடிய டிரைவர் ஒன்றை இலவசமாகத் தந்து, அதற்குள் இருப்பதை எவரும் கேட்கலாகாது என்ற சம்பிரதாயத்தைக் கைக்கொண்டது. 'என்வி' என்று ஒரு சிறு டிரைவரின் மூல நிரலை அது வெளியிட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதில் பொருள் விளங்கத்தக்க பெயர்களெல்லாம் மறைந்து, வெறும் எண்களே மிஞ்சியிருந்தன. முப்பரிமாணச் சித்திரத்திற்கு அதில் இடமே இல்லை.

இந்த நிலையில்தான் 2005இல் நூவோ தொடங்கிற்று. அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. பொறுமையைத்தான் அளவின்றிக் கேட்பது. மூடிய டிரைவரைக் கொண்டு ஒரு முக்கோணத்தை வரையச் செய்வார்கள்; சில்லுக்குச் சென்ற எண்களையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வார்கள்; பிறகு அதே முக்கோணத்தில் ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி மறுபடியும் வரையச் செய்து, முன்னதற்கும் பின்னதற்கும் எந்த எண் மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். இதற்கென்றே ஒரு கருவியை எழுதி, இந்தச் சில்லுகளைத் தாங்கிய கார்டுகளை உடைய, உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள சொந்தக்காரர்களை அதை ஓட்டி விடைகளை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்கள். எம்எம்ஐஓ டிரேஸ் என்ற மற்றொரு யுக்தி இன்னும் நுட்பமானது. சில்லை ஆளும் எண்கள் எழுதப்படும் இடங்களாகிய ரெஜிஸ்டர்கள் அமர்ந்திருக்கும் நினைவகப் பக்கங்களை 'இல்லை' என்று கெர்னல் பொய் சொல்லும். மூடிய டிரைவர் அவற்றைத் தொடும்போதெல்லாம் பிழை எழும். பிழை எழுந்த இடத்தில் கெர்னல், எந்த முகவரியில் எந்த எண் எழுதப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு காரியத்தை மட்டும் நடக்கவிட்டு, மறுபடியும் கதவைச் சாத்திவிடும். மூடிய டிரைவருக்குத் தன்னை ஒருவர் வேவு பார்க்கிறார் என்பதே தெரியாது.

சாஞ்சியில் தூபியைச் சுற்றிய கற்களிலிருந்த சிறு சாசனங்கள் பலவும் ஒரே எழுத்துக்களில் முடிவதைக் கவனித்து, அவை தானத்தைக் குறிப்பனவாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்து, அந்த ஊகத்தைப் பற்றிக்கொண்டே பிராமி லிபியை 1837இல் வாசித்து முடித்த ஜேம்ஸ் பிரின்ஸெப்பின் முறைக்கும் இவர்களுடைய முறைக்கும் சாராம்சத்தில் பேதமில்லை. ஆனால் அசோகனுடைய சாசனங்கள், ஒருமுறை வாசிக்கப்பட்ட பிறகு தங்கள் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இங்கோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லிபியே மாறிவிடுகிறது.

நூவோ 2010இன் தொடக்கத்தில் 2.6.33 என்ற பதிப்பில் கெர்னலுக்குள் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் ஃபெர்மி என்ற புதிய தலைமுறையும் வந்தது. இனி புதிய சில்லுகளுக்கு என்வி டிரைவர் கிடையாது என்று கம்பெனியும் அறிவித்துவிட்டது. ஃபெர்மியின் உள்ளே ஃபால்கன் எனப்படும் சிறு செயலிகள் பல இருந்தன. ஒரு நிரலின் சித்திர வேலையை இடையில் நிறுத்திவிட்டு மற்றொன்றினுடையதை எடுத்துக்கொள்ளும் காரியம் அவற்றில் சிலவற்றின் பொறுப்பு. அதற்கு, சில்லுக்குள்ளேயே ஓடும் ஃபெர்ம்வேர் என்னும் தனி நிரல் வேண்டும். முதலில் மூடிய டிரைவர் சில்லுக்குள் ஏற்றும் ஃபெர்ம்வேரையே பிடித்து எடுத்து உபயோகித்தார்கள். பிறகு, அந்தச் செயலிகளின் கட்டளைத் தொகுதியையே ஆராய்ந்து அறிந்து, தங்களுடைய சொந்த ஃபெர்ம்வேரை எழுதி உள்ளே வைத்தார்கள். ஒருவர் செய்து மூடி விற்ற யந்திரத்தின் உள்ளறையில், அவர் அறிவிக்காத பாஷையில், அந்நியர் எழுதிய நிரல் பிழையின்றி ஓடிற்று என்பதை நான் இந்தக் காலத்து அறிவு முயற்சிகளில் உயர்ந்தவற்றுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

அடுத்து வந்த கெப்ளர் கொடுத்த சிரமம் வேறு விதமானது. ஃபெர்மியில், ஒரு கட்டளையின் விடை வந்து சேர்ந்ததா என்பதைச் சில்லே கவனித்திருந்து, வராத வரையில் அதை எதிர்பார்க்கிற கட்டளையை நிறுத்திவைக்கும். மின்சாரச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கெப்ளரில் இந்தப் பொறுப்பின் பெரும்பகுதி, நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரின் தலையில் சுமத்தப்பட்டது. ஏழு கட்டளைகளுக்கு ஒருமுறை, அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காத்திருக்கவேண்டும் என்று கூறும் ஒரு குறிப்புச் சொல்லைக் கம்பைலர் இடையிலே செருகவேண்டும். அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல்லில் அது மூன்று கட்டளைகளுக்கு ஒருமுறை ஆயிற்று. பின்னர் வந்த வோல்டாவில் ஒவ்வொரு கட்டளையும் 128 பிட்டுகளாக நீண்டு, குறிப்பு அதற்குள்ளேயே புகுந்துகொண்டது. இதில் உள்ள விபரீதம் யாதெனில், காத்திருக்கும் காலத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டால் சில்லு பிழையென்று கூறுவதில்லை. பழைய மதிப்பையே எடுத்துக்கொண்டு கணக்கைச் செய்து முடித்துவிடுகிறது. திரையில் எங்கோ ஒரு மூலையில் சில புள்ளிகள் நிறம் மாறித் தோன்றும். அதுவும் எப்போதும் தோன்றாது. காலத்தைக் கூட்டிச் சொன்னாலோ பிழை இராது, வேகமும் இராது. எந்தக் கட்டளைக்கு எத்தனை கடிகாரச் சுழற்சி என்று சொல்லும் அட்டவணை கம்பெனியிடம் இருந்தது. வெளியார் அதை அளந்து அளந்துதான் காணவேண்டியிருந்தது. புதிய தலைமுறைக்கு டிரைவரை இணக்குவது என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அந்த ஒரு வார்த்தைக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

தன் சில்லுகளின் தலைமுறைகளுக்கு என்விடியா விஞ்ஞானிகளின் பெயர்களைச் சூட்டுகிறது: கெப்ளர், மேக்ஸ்வெல், பாஸ்கல், டூரிங். கோள்களின் கதியைக் கண்டறிந்து அதை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தவர் கெப்ளர். அவர் பெயரைத் தாங்கிய பொருளின் கதியை அறிய வேவு பார்க்க வேண்டியிருந்தது என்பதைக் கம்பெனியில் பெயர் சூட்டுகிறவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவும் அறிவினால் வெல்லக்கூடிய தடைகள். 2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970, 980 என்ற கார்டுகளோடு வந்த மேக்ஸ்வெல்லின் இரண்டாம் பிரிவில் எழுந்த தடை அவ்வகையானது அன்று. அதில், மேற்சொன்ன ஃபால்கன் செயலிகளின் முக்கியமான காரியங்கள் யாவும் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஃபெர்ம்வேருக்கே கட்டுப்பட்டன. எவ்வளவு ஆராய்ந்து எவ்வளவு செம்மையாக எழுதினாலும், கையொப்பம் இல்லாத நிரலைச் சில்லு ஏறெடுத்தும் பாராது. நூவோவினர் தங்கள் கையால் எழுதிய ஃபெர்ம்வேர், அதில் பிழை இருந்ததனால் அன்று, எழுதியவர் இன்னார் என்ற காரணத்தினாலேயே பயனற்றதாயிற்று. கம்பெனி கையொப்பமிட்ட ஃபெர்ம்வேரைத் தர இசைந்தது. ஆனால் அது 2016இன் தொடக்கத்தில்தான் வந்தது. அதிலும், கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஆளும் செயலிக்குரிய ஃபெர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. ஆகவே இந்தக் கார்டுகள் நூவோவின் கீழ், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் இருக்கும் தாழ்ந்த வேகத்திலேயே என்றென்றும் நின்றுவிட்டன. மின்விசிறியைத் தானே சுழற்றவும் நூவோவுக்கு அதிகாரம் கிடையாது. கெப்ளரில் கையால் வேகத்தை உயர்த்திக்கொள்ளும் வசதியை அரும்பாடுபட்டு அடைந்திருந்த நேரம் அது.

பாதுகாப்பை முன்னிட்டே கையொப்பம் என்று சொல்லப்படுமாயின், அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தீய ஃபெர்ம்வேர் ஒன்று சில்லுக்குள் புகுந்தால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. ஆனால் பூட்டுப் போடுகிறவர், அந்த வீட்டை விலை கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு சாவி தரவேண்டும் என்பது பாதுகாப்புக்கு விரோதமான கோரிக்கை ஆகாது. லினக்ஸைத் தோற்றுவித்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், இந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுகையில், அச்சில் ஏற்றத் தகாத ஒரு சொல்லை அதற்கேற்ற விரல் சைகையுடன் உதிர்த்தார். சபையோர் கைதட்டினார்கள். கையொப்பப் பூட்டு வந்தது அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின்னர் என்பதையும் சேர்த்து நினைவிற்கொள்வது நல்லது. வசையினால் நிகழ்ந்த நன்மை ஒன்றையும் நான் காணவில்லை.

மாறுதல் வேறொரு திசையிலிருந்து வந்தது. 2018இல் வெளியான டூரிங் தலைமுறையில் ஜிஎஸ்பி என்று ஒரு செயலி சேர்க்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்த அச்செயலி, முன்பு டிரைவரே செய்துவந்த காரியங்களுள் பெரும்பாலானவற்றை, வேகக் கட்டுப்பாடு உட்பட, சில்லுக்குள்ளேயே செய்யவல்லது. ரகசியங்கள் உள்ளே போய்விட்டபடியால் வெளியே இருப்பதைத் திறந்துவிடுவதில் கம்பெனிக்கு நஷ்டம் குறைந்தது. 2022 மே மாதத்தில் டூரிங் முதலான சில்லுகளுக்குரிய தன் கெர்னல் பகுதியை அது திறந்த மூலமாக வெளியிட்டது. 2024 ஜனவரியில் வந்த 6.7 என்ற கெர்னலில், நூவோவும் ஜிஎஸ்பி ஃபெர்ம்வேரோடு பேசக் கற்றுக்கொண்டது. புதிய கார்டுகள் நூவோவின் கீழ் முதன்முறையாகத் தங்கள் முழு வேகத்தை அடைய வழி பிறந்தது. மேசாவிலும், ஃபெய்த் எக்ஸ்ட்ராண்ட் முதலியோர் 2022இல் அறிவித்த, வல்கன் என்னும் சித்திர இடைமுகத்துக்கான என்விகே என்ற டிரைவர் விரைந்து வளர்ந்தது.

இதை வெற்றியென்று கொண்டாடியவர்கள் பலர். என் அபிப்பிராயம் சற்று வேறு. பல பத்து மெகாபைட் அளவுள்ள, எவரும் வாசிக்கமுடியாத ஒரு ஃபெர்ம்வேர் கோப்பு, சில்லை முழுவதும் ஆள்கிறது. திறந்த டிரைவர் அதனிடம் விண்ணப்பம் எழுதித் தருகிறது. அந்த விண்ணப்பத்தின் படிவமும் நிலையானதன்று. முதலில் ஏற்கப்பட்டது 535 என்ற வரிசையின் ஃபெர்ம்வேர். பின்னர் பிளாக்வெல் தலைமுறை வந்தபோது 570 என்ற வரிசைக்குச் செல்லவேண்டியதாயிற்று. இரண்டிலும் செய்திகளின் அமைப்பு ஒன்றன்று ஆகையால், இரண்டு விதப் பேச்சையும் நூவோ சுமக்கவேண்டியிருக்கிறது. முன்பு சில்லைக் கற்றார்கள். இப்போது சில்லின் காவற்காரனைக் கற்கிறார்கள். ஆயினும், முழு வேகத்தில் ஓடும் கார்டை விட்டுவிட்டுத் தூய்மைக்காகத் தாழ்ந்த வேகத்தில் கிடக்கவேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டவர்களை நான் குறை கூறமாட்டேன்.

நெடுங்காலம் ரெட் ஹாட் நிறுவனத்திலிருந்து நூவோவைப் பராமரித்துவந்த பென் ஸ்கெக்ஸ் 2023இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டில் அவருடைய திருத்தங்கள் என்விடியாவின் முகவரியிலிருந்தே நூவோவுக்கு வந்தன. ஜிஎஸ்பி உள்ள சில்லுகளுக்கென்று ரஸ்ட் மொழியில் நூவோவினர் நோவா என்ற புதிய டிரைவரை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்; அதன் அடித்தளம் 2025இல் 6.15 கெர்னலில் சேர்ந்தது. பழைய நூவோவில் சேர்ந்துபோன இருபதாண்டுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு நடக்கலாம் என்பது அவர்கள் உத்தேசம். அது நியாயமானதே.

இடையில் அகப்பட்டுக்கொண்டவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மேக்ஸ்வெல்லின் இரண்டாம் பிரிவு, பாஸ்கல், வோல்டா ஆகிய மூன்றும் கையொப்பப் பூட்டுக்கு உட்பட்டவை, ஜிஎஸ்பிக்கு முந்தியவை. நூவோவில் அவற்றுக்கு வேகம் இல்லை. நோவாவில் அவற்றுக்கு இடமே இல்லை. கம்பெனியின் மூடிய டிரைவரிலும் 580 என்ற வரிசையே அவற்றுக்குக் கடைசி என்று 2025இல் அறிவித்தாயிற்று. இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய நல்ல கார்டுகள் அவை. புதியது வாங்கப் பணமில்லாத மாணவர்களின் கம்ப்யூட்டர்களில் இருப்பவையும் அவைதாம். அவற்றின் கடிகாரத்தையும் மின்விசிறியையும் ஆளும் கையொப்பமிட்ட ஃபெர்ம்வேரை வெளியிடுவதால், விற்பனையிலிருந்தே விலகிவிட்ட அந்தச் சரக்கில் என்விடியாவுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதை, மூடிய டிரைவரிலும் அவற்றைக் கைவிட்ட இந்த வேளையிலாவது, அந்தக் கம்பெனி வெளியிட வேண்டும்.