முழங்காலை மடக்கினால் போதுமா?

குடோன் சுவர்களில் ஒட்டியிருக்கும் அந்தப் படம் பல ஆண்டுகளாக எனக்கு எரிச்சலூட்டுகிறது. முதுகை வளைத்துப் பெட்டி தூக்குபவர் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. முழங்காலை மடக்கித் தூக்குபவருக்குப் பச்சை டிக். கீழே, 'சரியாகத் தூக்கினால் காயம் இல்லை' என்ற வாசகம். இடுப்பு போனவர் தப்பாகத் தூக்கினார் என்பதுதான் இதற்கு அர்த்தம். பழி முழுக்க அவர் தலையில்.

படத்தில் இருப்பது கையடக்கமான அட்டைப்பெட்டி. குடோனில் இருப்பது 50 கிலோ அரிசி மூட்டை. அதற்குப் பிடி கிடையாது, முழங்கால்களுக்கு நடுவே அடங்கவும் அடங்காது. மடக்கி உட்கார்ந்தால் மூட்டை உடம்பைவிட்டு இன்னும் தள்ளிப் போகிறது. சுமை தள்ளிப் போகப் போக கீழ் முதுகெலும்பில் அழுத்தம் ஏறும். அதோடு, லோடுமேன்கள் மூட்டையைத் தரையிலிருந்து தனியாகத் தூக்குவதே குறைவு. இரண்டு பேர் ஏற்றிவிட, ஒருவர் முதுகிலோ தலையிலோ வாங்கி நடப்பார். மூட்டைகளை அடுக்கும் அட்டியில் தலைக்கு மேலே மூட்டையைத் தள்ளுபவருக்கு முழங்கால் எதற்கு உதவும்?

கணக்கைப் பாருங்கள். 10 டன் லாரி என்றால் 200 மூட்டை. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, இரண்டரை டன். அது ஒரு லாரிக்கு மட்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான் எல்லை. திரும்பத் திரும்பத் தூக்கினால், உடம்பைத் திருப்பினால், அதுவும் குறையும். நம் மூட்டை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூலியோ மூட்டைக் கணக்கு. நின்று நிதானித்தால் வருமானம் போகும். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்ததால் முதுகுவலி குறைந்ததா என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவ மதிப்பீடுகளிலும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இடுப்புப் பெல்ட்? காயத்தைத் தடுக்க அதை நியாஷே பரிந்துரைக்கவில்லை.

பழகிய உடம்பு தாங்கும் என்பார்கள். தசை பழகலாம், ரத்த ஓட்டம் அரிதான முதுகெலும்பு டிஸ்க் தேய்ந்தால் லேசில் ஆறாது.

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தைத் தூக்க யாரையும் அமர்த்தக் கூடாது என்றது. அது பேசியது எடையைப் பற்றி. மூட்டையைச் சிறிதாக்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று: 2022இல், 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ பை வந்துவிட்டது. வரிக்காக எடையை மாற்றத் தெரிந்தவர்களால், தூக்குபவனின் இடுப்புக்காகவும் மாற்ற முடியும்.